ஆர்கன்காரர் வீட்டு ஓநாய்

இர்மெலிக்கு அந்தப் பொறுப்பு வந்து சேர்ந்த கதையே ஒரு கூத்து. வடக்கே பனிக்காட்டு ஓரத்து ஊரான கோய்வுவாராவில் ஓநாய், கரடி என்று எதன் தடம் தென்பட்டாலும் போய்ப் பார்த்து, அளந்து, போட்டோ எடுத்து, அரசாங்கக் கணினியில் பதிய ஊருக்கு ஓர் ஆள் வேண்டும். சம்பளம் கிடையாது. ஓநாய்தான் என்று எழுதினால் ஒரு பாதி ஊர் திட்டும், இல்லை என்று எழுதினால் மறுபாதி திட்டும். பன்னிரண்டு வருஷம் இரண்டு பக்கத் திட்டையும் வாங்கிக்கொண்டிருந்த மனுஷன் தெற்கே மகள் வீட்டோடு போய்விட்டார். வேட்டைச் சங்கக் கூட்டத்தில் தலைவர் பென்ட்டி, "யாரு எடுத்துக்கறீங்க?" என்று கேட்டபோது, இருபத்துமூன்று பேரும் காபிக் கோப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்துவிட்டார்கள்.

இர்மெலி சங்கத்து ஆளே இல்லை. பள்ளிக்கூடச் சமையல்காரி. கூட்டத்துக்கு ஏலக்காய் ரொட்டி சுட்டுக் கொண்டுவந்தவள், கொடுத்துவிட்டுப் பேசாமல் போயிருக்கலாம். போனாளா? தட்டை மேஜையில் வைத்துவிட்டு, "கரடி சுட்டேன், கடமான் சுட்டேன்னு பீத்திக்கறீங்க. ஒரு ஸ்கேலப் பிடிக்க ஆளில்லையா இந்த ஊர்ல?" என்று வாயைக் கொடுத்தாள். அவ்வளவுதான், அவள் தலையிலேயே கட்டிவிட்டார்கள்.

வகுப்பு இரண்டே நாள், நகராட்சிக் கட்டடத்தில் நடந்தது. சின்ன வயது ஆராய்ச்சிக்காரி ஒருத்தி பிளாஸ்டர் பாதங்களை மேஜையில் பரப்பி வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். நாய் தள்ளாடித் தள்ளாடி அங்கும் இங்கும் போகும், ஓநாய் வேலை இருக்கிறவன் மாதிரி நேர்க்கோட்டில் போகும். முயல் குதிக்கும்போது பின்னங்கால்தான் முன்னால் விழும். "யாரோட தடம்னு அப்புறம் பாருங்க. எப்போ விழுந்த தடம்னு முதல்ல பாருங்க," என்று அவள் இரண்டு நாளில் இருபது தடவை சொன்னாள். இர்மெலி எல்லாவற்றையும் சமையல் குறிப்பு நோட்டில், மீன் சூப்புக்கும் முட்டைகோஸ் பொரியலுக்கும் நடுவில் எழுதிக்கொண்டாள்.

அவளுக்கு அது பிடித்துப்போனது, அதுதான் ஆச்சரியம். ஐம்பத்திரண்டு வயதில் தினமும் காலையில் காலில் பனிச்சறுக்குக் கட்டையான ஸ்கீயை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காட்டுக்குள் போனாள். அணில், கீரியின் சின்னத் தம்பி மாதிரி ஒன்று, பனிக்குள் படுத்துத் தூங்கிவிட்டு விடிந்ததும் பறந்துபோன காட்டுக்கோழி. முப்பது வருஷமாக நடந்த பாதையில் இத்தனை பேர் குடியிருக்கிறார்களா என்று இருந்தது அவளுக்கு.

ஆனால் ஆர்வம் வேறு, அறிவு வேறு இல்லையா? ஜனவரியில் மானம் கப்பலேறியது.

பள்ளிக்கூட வேலிக்கு வெளியே ஒரு தடம். பதினோரு சென்டிமீட்டர். நேர்க்கோடு. இர்மெலி ஸ்கேல் வைத்தாள், போட்டோ எடுத்தாள், "ஓநாய்" என்று பதிந்தாள். "உறுதி", "இருக்கலாம்", "தெரியவில்லை" என்று கணினி மூன்று கட்டம் காட்டியது. "உறுதி" என்ற கட்டத்தில் அழுத்தினாள். மறுநாளே நகராட்சி உத்தரவு போட்டது, குழந்தைகள் யாரும் பள்ளிக்கூடத்துக்கு நடந்து வரக்கூடாது என்று. ஒன்பது நாள் அத்தனை பிள்ளைகளும் டாக்ஸியில் வந்தார்கள். பள்ளிக்கூடத்து எதிர்வீட்டுப் பையனும் டாக்ஸியில்தான் வந்தான்.

பத்தாம் நாள் காலை அதே வேலியோரம், அதே நேர்க்கோட்டில், தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கிறவருடைய நாய் மூக்கைத் தரையில் வைத்துக்கொண்டு நிதானமாக நடந்து போனது. முழங்கால் உயரம், செம்பட்டை முடி, சுருட்டி வைத்த வால். அவள் அந்தத் தடத்தைப் பார்ப்பதற்கு முன்னாலேயே வெயில் அடித்துப் பனி இளகியிருக்கிறது, அதன் தடம் ஓரமெல்லாம் உருகி விரிந்து ஓநாய்ப் பாதமாக ஆகியிருக்கிறது. எப்போது விழுந்தது என்று பார்க்காமல் யாருடையது என்று பார்த்தாள், மாட்டிக்கொண்டாள்.

ஊர் விடுமா? கடையில், பெட்ரோல் பங்கில், சவுனா நீராவிக் குளியலில் எல்லாம் ஆர்கன்காரர் வீட்டு ஓநாய்ப் பேச்சுதான். வியாழக்கிழமை பட்டாணி சூப் ஊற்ற இர்மெலி கரண்டியைத் தூக்கினால் வரிசையில் பின்னால் நிற்கிற வாண்டு ஒன்று "ஊஊஊ" என்று ஊளையிடும், வரிசை முழுக்கச் சேர்ந்துகொள்ளும். அவளும் சிரித்து வைத்தாள். ராத்திரி படுக்கையில் அந்தப் போட்டோவையே திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தாள்.

எல்லோரையும்விட அதிகமாகக் கலாய்த்தவள் ஹில்க்கா. அந்த ஒன்பது நாள் டாக்ஸி ஓட்டியவளே அவள்தான். இர்மெலியோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. வாய் என்றால் வாய், ஊரில் அவளுக்கு ஈடு கிடையாது.

"ஏண்டி, மார்ச்ல வேலை கம்மியா இருக்கும் எனக்கு. ஒரு கரடி கண்டுபிடியேன்," என்பாள்.

"கரடி எதுக்கு? உன் வீட்டு நாயவே சிங்கம்னு எழுதிடறேன், போ."

"எழுது, எழுது. ருஸ்கா சிங்கம்தாண்டி. குரலைக் கேட்டேல்ல?"

குரலைக் கேட்காதவர் அந்த ஊரில் யார்? ஹில்க்காவின் முயல் வேட்டை நாய் ருஸ்கா. காட்டில் முயலைத் துரத்திக்கொண்டு அது குரைத்தால் மூன்று கிலோமீட்டர் தள்ளிக் கடை வாசலில் நிற்கிறவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். மணி அடித்ததுபோல நீளமாக வரும். ஹில்க்காவுக்குப் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. வீட்டில் அவளும் ருஸ்காவும்தான். இரண்டு பேருக்கும் ஒரே சோஃபா, ஒரே போர்வை. அதை வைத்து ஊர் அவளைக் கலாய்த்ததும் உண்டு.

பிப்ரவரி கடைசி ஞாயிறு, அந்த வருஷத்து முயல் வேட்டையின் கடைசி நாள். அன்று காட்டுக்குள் போன ருஸ்கா திரும்பி வரவில்லை.

திங்கள் காலை எட்டு மணிக்கு இர்மெலி கஞ்சி கிண்டிக்கொண்டிருக்கும்போது பென்ட்டி போன் செய்தார்.

"ஸ்கேல எடுத்துக்கிட்டு வா, இர்மெலி. ஹில்க்காவோட நாய ஓநாய் அடிச்சிடுச்சு."

கரண்டி பானைக்குள் விழுந்துவிட்டது. "யாரு பார்த்தா?"

"நேத்து சாயங்காலம் நாங்க நாலு பேரு தேடினோம். நாய் இருக்கற இடத்தக் காட்டற கழுத்துப் பட்டியோட பேட்டரி ரெண்டு மணிக்கே செத்துப்போச்சு, கடைசியா அது காட்டின இடத்துக்குப் போனோம். பெரிய சதுப்பு ஓரம். ஓநாய்த் தடம், பக்கத்துலயே நாய்த் தடம், ரத்தம். இனி என்ன பார்க்கணும்? நீ வந்து பதிஞ்சாத்தான் நான் மேல பேச முடியும். சீக்கிரம் வா, மத்தியானம் பனி கொட்டப் போகுதாம். கொட்டிடுச்சுன்னா எல்லாம் மூடிடும்."

இர்மெலியும் பென்ட்டியும் ஹில்க்காவின் வாசலுக்குப் போனபோது அவள் வேட்டைக் கால்சட்டையோடு படியில் உட்கார்ந்திருந்தாள். ராத்திரி கழற்றவே இல்லை போலிருக்கிறது. கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"நீ இரு ஹில்க்கா. நாங்க பார்த்துட்டு வந்துடறோம்," என்றார் பென்ட்டி.

"என் நாயப் பார்க்க எவன் அனுமதி வேணும் எனக்கு?" என்று அவள் ஸ்கீயை எடுத்தாள்.

பனி ஸ்கூட்டரில் சதுப்பு வரைக்கும் போய், அங்கிருந்து ஸ்கீயில் போனார்கள். ராத்திரி மைனஸ் பதினெட்டு. மேற்கே வானம் ஏற்கனவே வெளுத்துப் பால் மாதிரி ஆகிக்கொண்டிருந்தது.

பென்ட்டி சொன்னது அத்தனையும் அங்கே இருந்தது. திறந்த சதுப்பின் குறுக்கே ஆழமான பெரிய தடங்கள், ஒரே கோடாகக் காட்டை நோக்கிப் போயின. இடது பக்கத்திலிருந்து நாய்த் தடம் வந்து அதில் சேர்ந்தது. நாற்பது மீட்டருக்கு இரண்டும் ஒன்றாகவே போயின. அங்கங்கே பனியில் சிவப்புப் பொட்டு. அடர்ந்த ஊசியிலை ஸ்ப்ரூஸ் மரங்களின் ஓரத்துக்கு வந்ததும் நாய்த் தடம் நின்றுபோனது. ஓநாய்த் தடம் மட்டும் காட்டுக்குள் போனது.

"இங்க பிடிச்சிருக்கு. தூக்கிக்கிட்டுப் போயிடுச்சு," என்றார் பென்ட்டி. சொல்லிவிட்டு ஹில்க்காவின் முகத்தைப் பார்க்காமல் தொப்பியைச் சரிசெய்தார். அவரைக் குறை சொல்லக் கூடாது. நாலு வருஷத்துக்கு முன் அவருடைய நாய் போன இடத்தில் அவருக்குக் கிடைத்தது வெறும் கழுத்துப் பட்டிதான். அதிலிருந்து அவர் காட்டில் எதைப் பார்த்தாலும் முதலில் ஓநாயைத்தான் பார்ப்பார்.

இர்மெலி மண்டி போட்டு ஸ்கேலை வைத்தாள். பத்தரை சென்டிமீட்டர். நகம், நடு மெத்தை, நேர்க்கோடு. இது ஆர்கன்காரர் வீட்டு ஓநாய் இல்லை. நிஜம். அவள் வாழ்க்கையில் பார்க்கும் முதல் நிஜ ஓநாய்த் தடம். இதற்காக எத்தனை விடியற்காலை அலைந்திருக்கிறாள்! இப்படிப்பட்ட நாளிலா கிடைக்க வேண்டும்?

"எழுதுடி," என்றாள் ஹில்க்கா. குரலே அவளுடையதாக இல்லை. "எழுதி முடிச்சுட்டு என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ."

இர்மெலி போனை எடுத்தாள். அந்த மூன்று கட்டங்கள் வந்தன. உறுதி, இருக்கலாம், தெரியவில்லை. விரல் அங்கேயே நின்றது. எப்போ விழுந்ததுன்னு முதல்ல பாருங்க. இருபது தடவை சொன்னாளே அந்தப் பெண்.

குனிந்து ஓநாய்த் தடத்துக்குள் மூக்கே படுகிற மாதிரி பார்த்தாள். அடியில் வெள்ளையாக மாவு தூவினது போல மெல்லிய பனித்தூள். பக்கத்து நாய்த் தடத்தைப் பார்த்தாள். அடி சுத்தமாக, கண்ணாடித் துண்டு மாதிரி பளபளவென்று இருந்தது. எழுந்து பின்னால் போய் அடுத்ததைப் பார்த்தாள். அதற்கடுத்ததையும் பார்த்தாள். ஓநாய்த் தடம் எல்லாவற்றிலும் தூள். நாய்த் தடம் ஒன்றில்கூட இல்லை.

"என்ன தேடற?" என்றார் பென்ட்டி.

"நேத்து விடிகாலைல பனித்தூள் விழுந்துதுல்ல? நான் வாசல் பெருக்க துடைப்பத்தை எடுத்தேன். ஏழு மணிக்குக் காத்து வந்து அதுவே பெருக்கிட்டுப் போயிடுச்சு, பள்ளத்துல விழுந்த தூள்தான் தங்கியிருக்கும்."

"சரி?"

"ஹில்க்கா, நீ ருஸ்காவ எத்தனை மணிக்கு அவுத்து விட்ட?"

"ஒன்பதரை. காத்து நிக்கட்டும்னு காத்திருந்தேன். காத்துல அவ குரல் கேக்காதே." 

இர்மெலி போனைப் பைக்குள் போட்டாள். சொல்வதா வேண்டாமா? சொல்லித் தப்பாகப் போனால்? ஜனவரியில் பிள்ளைகள் ஒன்பது நாள் காரில் வந்தார்கள், ஊர் சிரித்தது, அதோடு போயிற்று. இது அப்படியா? செத்துப்போன நாயை உயிரோடு இருக்கிறது என்று சொல்லி இந்த மனுஷியை இரண்டாம் தடவை அழவைத்தால் அவள் மூஞ்சியில் எப்படி விழிப்பது? வாயை மூடிக்கொண்டு எழுதிக் கொடுத்தால் யாரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை. மத்தியானம் பனி வந்து எல்லாவற்றையும் மூடிவிடும். ருஸ்கா எங்காவது மூச்சோடு கிடந்தால் அதையும் சேர்த்துத்தான்.

சொல்லிவிட்டாள்.

"ஓநாய் தடத்துல தூள் இருக்கு. நாய் தடத்துல இல்ல. ஓநாய் தூள் விழறதுக்கு முன்னாடியே போயிடுச்சு. நாய் வந்தது காத்து நின்னதுக்கு அப்புறம். ரெண்டும் சந்திக்கவே இல்ல."

ஹில்க்கா நிமிர்ந்து பார்த்தாள். பென்ட்டிக்குக் கோபம் வந்துவிட்டது. "இங்க பாரு இர்மெலி. பாவம், அவளுக்கு இல்லாத ஆசையக் காட்டாத. தூள் என்ன, காத்து கொண்டு வந்து போட்டிருக்கும்."

"காத்துதான் போட்டுது. ரெண்டு தடமும் அப்போ இருந்திருந்தா ரெண்டுலயும் போட்டிருக்கணுமே? ருஸ்கா தடத்த மட்டும் ஏன் விட்டுது?"

 இர்மெலி அவர் கையைப் பிடித்து இழுத்துப் பத்தடி பின்னால் கூட்டிப்போனாள். அங்கே நாயின் ஒரு கால் ஓநாய்த் தடத்தின் மேலேயே விழுந்திருந்தது. ஓநாய் நடந்தது சனிக்கிழமை மத்தியானம், எங்கும் பனி இளகிச் சொதசொதவென்று இருந்த நேரம். ராத்திரி அந்தத் தடத்தின் விளிம்பு கல்லாக உறைந்துவிட்டது. உறைந்த விளிம்பை நாய்க்கால் உடைத்திருந்தது, உடைந்த சில்லு தூளின் மேல் கிடந்தது.

பென்ட்டி கையுறையைக் கழற்றிவிட்டு அந்தச் சில்லை விரலால் தொட்டார். 

"நேத்து டார்ச் வெளிச்சத்துல இத நான் பார்க்கல," என்றார்.

"அப்போ ரத்தம்?" என்று ஹில்க்கா கிட்டத்தட்டக் கத்தினாள். "ரத்தம் ஏதுடி?"

"ஒரே கால்லதான் இருக்கு, பாரு. வலது முன்னங்கால். வேற எங்கயும் இல்ல. பனி மேல் ஓடு உடைஞ்சு பாதத்தக் கிழிச்சிருக்கு. நொண்டிக்கிட்டே வந்திருக்கா."

"ஓநாய் திரும்பி வந்திருந்தா?" என்றார் பென்ட்டி. இந்தத் தடவை அவர் குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே கேட்டார்.

"தெரியாது. திரும்பி வந்த தடம் எனக்குத் தெரியல. அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

"சரி, நாய் எங்க? றெக்க முளைச்சுப் பறந்துடுச்சா?"

அதுதான் இர்மெலிக்கும் புரியவில்லை. தடம் நின்ற இடத்தில் போய் நின்றாள். முன்னால் பார்த்தாள், பின்னால் பார்த்தாள். மேலே பார்த்தபோதுதான் பொறி தட்டியது. தலைக்கு மேலே ஸ்ப்ரூஸ் மரங்கள். தடம் நின்றது சரியாக அந்த மரங்களின் நிழல் விழுகிற விளிம்பில். வெளியே வெயிலில் பனி ஓடு வலுவிழந்திருக்கிறது, நாய்க்கால் அதை உடைத்துக்கொண்டு புதைந்திருக்கிறது. நிழலுக்குள் பகல் முழுக்கப் பனி ஓடு கெட்டியாகவே இருந்திருக்கிறது. சனிக்கிழமை போன ஓநாய்க்கு எங்கும் இளகல், அதனால் அதன் தடம் மட்டும் தொடர்ந்து போகிறது. நாய் இங்கிருந்து மேலாகவே நடந்து போயிருக்கிறது, புதையாமல்.

"பள்ளம் தேடாதீங்க," என்றாள். "கீறல் தேடுங்க. நகக் கீறல்."

மூன்று பேரும் கைகளையும் முழங்காலையும் ஊன்றித் தவழ ஆரம்பித்தார்கள். அறுபத்தேழு வயது வேட்டைச் சங்கத் தலைவரும் தவழ்ந்தார். யாராவது பார்த்திருந்தால் ஆர்கன்காரர் நாயை மறந்துவிட்டு இதைப் பேசியிருப்பார்கள். வெளிச்சம் மங்கி எல்லாம் ஒரே வெள்ளையாகிவிட்டது, ஒரு கீறலும் தெரியவில்லை. இர்மெலி டார்ச்சை எடுத்துத் தரையோடு தரையாகப் பக்கவாட்டில் அடித்தாள், ஜாக்கெட்டை விரித்து மறைத்துக்கொண்டு. ஊசியால் கிழித்த மாதிரி நாலு கோடு தெரிந்தது. ஒரு எட்டு தள்ளி இன்னொரு நாலு. அதற்கப்பால் கடுகளவு ரோஸ் நிறப் பொட்டு.

"ஹில்க்கா!"

"வந்துட்டேன், வந்துட்டேன்!"

கீறல்கள் காட்டுக்குள் போகவில்லை. காட்டுக்குள் போகிற ஓநாய் வாடைக்குப் பயந்து ருஸ்கா சட்டென்று இடதுபக்கம் திரும்பியிருக்கிறாள், காட்டு விளிம்பை ஒட்டி, ரோட்டுப் பக்கமாக.

"வீட்டுக்குக் கிளம்பியிருக்காடி," என்றாள் ஹில்க்கா. "என் தங்கம். நொண்டிக்கிட்டு வீட்டுக்குக் கிளம்பியிருக்கா."

இருநூறு மீட்டர் போக ஒரு மணி நேரம் ஆனது. நடுவில் இரண்டு தடவை கீறல் தொலைந்தது. ஒரு தடவை முயல் விட்டைக்குப் பக்கத்தில் இருந்த சிவப்புப் பெர்ரிக் கறையை ரத்தம் என்று இர்மெலி சொல்லிவிட்டாள். பென்ட்டி அதை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்து, "ஆர்கன்காரர் வீட்டு ரத்தம்," என்றார். அந்த நிலைமையிலும் ஹில்க்கா களுக்கென்று சிரித்துவிட்டாள். சிரித்ததற்காகவே உடனே அழவும் செய்தாள்.

முதல் பனித்துளி இர்மெலியின் டார்ச் மேல் வந்து உட்கார்ந்தபோது மணி பதினொன்றரை. கீறல்கள் சின்ன பைன் மரங்களுக்குள் புகுந்தன. சதுப்பை வடிக்க அந்தக் காலத்தில் வெட்டிய கால்வாய்கள் அங்கே வரிசையாக ஓடும், குளிர்காலத்தில் மேலே பனி மூடி ஒன்றும் தெரியாது. அப்படி ஒரு கால்வாயின் மேல், சாப்பாட்டுத் தட்டு அகலத்தில், கறுப்பாக ஓர் ஓட்டை. கீறல் அதுவரைக்கும் வந்தது. அந்தப் பக்கம் இல்லை.

ஹில்க்கா ஸ்கீயை உதறிவிட்டுக் குப்புற விழுந்தாள். "ருஸ்கா! ருஸ்கா! ருஸ்கம்மா!"

ஒரு சத்தமும் இல்லை.

மறுபடி கூப்பிட்டாள். விசில் அடித்தாள். பனி கொட்டுகிற சின்னச் சரசரப்பு மட்டும்தான் கேட்டது.

"போயிட்டாடி," என்றாள் ஹில்க்கா, முகத்தைப் பனியில் வைத்துக்கொண்டு. "நான் கூப்பிட்டு ருஸ்கா பதில் சொல்லாம இருந்ததே இல்ல. ஒருநாள்கூட இல்ல. போயிட்டா."

 இதற்குத்தானே இர்மெலி பயந்தாள்? கொண்டுவந்து காட்டிவிட்டாள், இரண்டாம் தடவையும் அழவைத்துவிட்டாள். என்ன செய்வதென்று தெரியாமல், செய்ய வேறொன்றும் இல்லாததால், அந்த ஓட்டையையே பார்த்தாள். பார்க்கப் பழகிவிட்டாள் அல்லவா, கண் தானாகப் பார்த்தது. ஓட்டையின் விளிம்பில் சுற்றிலும் வெள்ளை ஊசி ஊசியாக உறைபனி பூத்திருந்தது. பக்கத்துப் பனியில் எங்கும் அது இல்லை. மேலே சாய்ந்திருந்த பைன் கிளையின் அடிப்பக்கத்திலும் அதே ஊசிகள் இருந்தன.

இதை எங்கேயோ எழுதி வைத்திருக்கிறாள். முட்டைகோஸ் பொரியலுக்குப் பக்கத்தில். கரடி குகை என்று ஏதோ...

"பென்ட்டி, இங்க பாருங்களேன். இது என்ன?"

பென்ட்டி குனிந்தார். தொப்பியைக் கழற்றினார். குகையில் தூங்குகிற கரடியை வாழ்நாளில் ஏழு தடவை கண்டுபிடித்த மனுஷன் அவர்.

"மூச்சு," என்றார். "மூச்சும்மா அது! உள்ள எதுவோ ராத்திரி பூரா மூச்சு விட்டிருக்கு. ஹில்க்கா, எழுந்திரு! அழுதது போதும், தோண்டு!"

ஸ்கீயால் தோண்டினார்கள், கையால் தோண்டினார்கள். பென்ட்டி இடுப்புவரை உள்ளே போய்விட்டார், அவர் பூட்ஸை இரண்டு பெண்களும் ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். உள்ளேயிருந்து அவர், "இழுங்க, இழுங்க, மெதுவா," என்று கத்தினார். வெளியே வந்தபோது அவர் மார்போடு ஒட்டிக்கொண்டு, ஈர முடியெல்லாம் உறைந்து முள்முள்ளாக நிற்க, ருஸ்கா இருந்தாள். ஹில்க்காவைப் பார்த்தாள். வாயை அகலத் திறந்தாள். சத்தம் வரவில்லை. ராத்திரி முழுக்கக் கத்திக் கத்திக் குரல் செத்துப்போயிருந்தது. வால் மட்டும் ஒரு தடவை ஆடியது.

ஹில்க்கா ஜாக்கெட்டைத் திறந்து அதை உள்ளே வைத்து மூடிக்கொண்டு, முன்னும் பின்னும் ஆடினாள். அவளுக்கும் பேச்சு வரவில்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து இத்தனை வருஷத்தில் ஹில்க்கா வாயடைத்து நின்று இர்மெலி பார்த்தது அன்றைக்குத்தான்.

பனி ஸ்கூட்டருக்குத் திரும்பும்போது பெரிய பெரிய துளிகளாகக் கொட்ட ஆரம்பித்துவிட்டது. அவர்கள் வந்த வழியே மறைந்துகொண்டிருந்தது. பென்ட்டி நின்று, "பதிவுல என்ன எழுதப் போற?" என்று கேட்டார்.

"ஓநாய் ஒண்ணு. பத்தரை சென்டிமீட்டர். சனிக்கிழமை மத்தியானம் போயிருக்கு."

"எந்தக் கட்டம்?"

"உறுதி," என்றாள் இர்மெலி.

அவர் தலையை ஆட்டினார். கொஞ்ச தூரம் போனதும், "என் நாய் விஷயத்துலயும் நான் ஒழுங்கா பார்த்தேனான்னு இப்போ சந்தேகமா இருக்கு," என்றார். இர்மெலி பிளாஸ்க்கில் மிச்சமிருந்த காபியை அவருக்கு ஊற்றிக் கொடுத்தாள்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் ஹில்க்கா டாக்ஸி எடுக்கவில்லை. கால்நடை மருத்துவர் பாதத்தில் ஐந்து தையல் போட்டாராம், நாய் கஞ்சி குடிக்கிறதாம், ஆனால் குரல் இன்னும் வரவில்லையாம். வருமா என்று கேட்டால் மருத்துவர் தோளைக் குலுக்குகிறாராம். ஹில்க்கா போனில் இவ்வளவும் சொன்னாள், கேலி ஒன்றும் செய்யவில்லை. அதுவே இர்மெலிக்கு என்னவோ போல் இருந்தது.

வியாழக்கிழமை வந்தது. பட்டாணி சூப், பான்கேக். பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நின்றார்கள். ஊரெல்லாம் கதை பரவியிருந்ததால் இன்று யாரும் ஊளையிடமாட்டார்கள் என்றுதான் இர்மெலி நினைத்தாள். முன்னால் நின்ற முதல் வகுப்புக்காரி ஒருத்தி போனை நீட்டி, "எங்க வீட்டு மாட்டுக்கொட்டாய்க்குப் பின்னாடி இருந்துது. இது என்னது?" என்று கேட்டாள். படத்தில் பனியில் ஏதோ ஒரு தடம், மங்கலாக இருந்தது.

"தெரியலையே, கண்ணு. ஸ்கூல் விட்டதும் வந்து பார்க்கறேன். அதுவரைக்கும் அது மேல நடக்காத."

அவள் கரண்டியைத் தூக்கினாள். பின்வரிசையில் அதே வாண்டு, அவனுக்குக் கதை கிதையெல்லாம் ஒரு பொருட்டா, கழுத்தை நீட்டி, "ஊஊஊ!" என்றான். நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள்.

வெளியே, சமையலறை ஜன்னலுக்குக் கீழே, டாக்ஸி வந்து நின்றிருந்தது. கண்ணாடியைப் பாதி இறக்கிவிட்டு ஹில்க்கா பான்கேக் வாங்க இறங்கிக்கொண்டிருந்தாள். பின்சீட்டிலிருந்து முதலில் கரகரவென்று ஒரு இருமல். அப்புறம் உடைந்து, தேய்ந்து, பிறகு நீளமாக, மணி அடித்ததுபோல ருஸ்கா பதில் சொன்னாள்.

சாப்பாட்டு அறையில் பிள்ளைகள் எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். ஹில்க்கா வெளியே கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். ஜன்னல் வழியே இர்மெலியைப் பார்த்தாள், கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இர்மெலிக்குச் சூப்பானை மறைந்தது, பிள்ளைகள் மறைந்தார்கள், கண்ணில் தண்ணீர்தான் நின்றது. மூக்கை ஒரு தடவை உறிஞ்சினாள்.

"இன்னொரு தடவை," என்றாள் அந்த வாண்டிடம். "இன்னும் சத்தமா ஊளையிடு. உனக்கு ரெண்டு பான்கேக்."